காலையில் எழும்போது கையில் என்ன இருக்கிறது?

மேக்ரோ மிட்-செமஸ்டர் தேர்வில் 40க்கு 11 வாங்கினேன். டெல்லியில் எம்.ஏ. பொருளாதாரம், முதல் வருஷம், பிப்ரவரிக் குளிர். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று விடைத்தாளை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடந்தேன். பி.ஏ.வில் கல்லூரியிலேயே முதல் மார்க் வாங்கிவிட்டு வந்தவன் நான். அங்கே படித்ததெல்லாம் உற்பத்தியும் வட்டியும் எங்கே நிற்கும் என்று காட்டும் ஐ.எஸ்.–எல்.எம். கோடுகள்தான். அரசு செலவு கூடினால் கோடு வலப்பக்கம் நகரும், வட்டி ஏறும், படம் போட்டு அம்புக்குறி போட்டால் முழு மார்க். இங்கே முதல் வகுப்பிலேயே சாவே இல்லாத ஒரு மனிதன் வந்தான், முடிவில்லாத காலத்துக்கும் ஒவ்வொரு நாளும் எவ்வளவு சாப்பிடுவது, எவ்வளவு சேமிப்பது என்று இன்றைக்கே திட்டம் போடுகிறவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளிப் பையன் தலையாட்டிக்கொண்டே எழுதினான். அவன் பி.எஸ்சி. கணிதம். நானும் தலையாட்டினேன்.

டைனமிக் மாடல் பாடத்தில், அதாவது இன்றைய முடிவு நாளையை மாற்றும் கணக்குகளில், என்னைப் போலத் தடுமாறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்கு வராததால்தான் தோற்றோம் என்று எல்லோரும் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்தேன். என் விஷயத்தில் அது பாதிதான் உண்மை.

தேர்வுக்கு முன் நான்கு ப்ராப்ளம் செட் முடித்திருந்தேன். எல்லாமே ஒரே அச்சு: லாக்ராஞ்சியன் (கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு உச்சத்தைத் தேடும் கோவை) எழுது, நுகர்வுக்கு ஒரு டெரிவேட்டிவ், மூலதனத்துக்கு ஒரு டெரிவேட்டிவ், இரண்டையும் சேர்த்தால் இன்றைய நுகர்வை நாளையதோடு இணைக்கும் ஆய்லர் சமன்பாடு. கை தானாக எழுதும் அளவுக்குப் பழகியிருந்தது. தேர்வில் வந்தது வேறு. வேலையில்லாத ஒருவனுக்குத் தினமும் ஒரு சம்பள ஆஃபர் வருகிறது, ஏற்றுக்கொண்டால் அதே சம்பளம் கடைசிவரை, வேண்டாம் என்றால் அன்றைக்கு உதவித்தொகை மட்டும், நாளைக்கு வேறு ஆஃபர். எந்தச் சம்பளத்துக்கு மேல் அவன் ஒத்துக்கொள்வான்? ஜான் மக்கால் 1970இல் எழுதிய மாடல் அது என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். அன்றைக்கு நான் அதற்கும் லாக்ராஞ்சியன் எழுதினேன், ஆறு பக்கம். மூலதனமே இல்லாத கணக்கில் மூலதனத்துக்கு டெரிவேட்டிவ் எடுத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் துறையில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த அக்கா ஒருவர், திருநெல்வேலிப் பக்கம். விடைத்தாளைக் காட்டினேன். முதல் பக்கத்தோடு மூடிவிட்டார்.

"பேனாவக் கீழ வை தம்பி. அந்த ஆளு காலையில எழுந்திரிக்கான். அவன் கையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. வேலையில்லாதவன்தானே."

"ஆஃபர் இருக்குல்லா? இன்னைக்கு வந்த சம்பளம். அது தெரிஞ்சா போதுமா, நேத்து வந்த ஆஃபரும் தெரியணுமா?"

நேற்றையது தேவையில்லை. வேண்டாம் என்று சொன்ன ஆஃபர் போனது போனதுதான். அப்படியென்றால் இன்று கையில் இருக்கும் ஆஃபர் ஒன்றுதான் அவனுடைய ஸ்டேட். செய்யக்கூடியதும் இரண்டே இரண்டு: சரி, அல்லது வேண்டாம். வேண்டாம் என்றால் நாளைக் காலையில் கையில் வேறொரு ஆஃபர் இருக்கும். இந்த மூன்று வாக்கியங்களையும் எழுதியபோதே, இன்றைய மதிப்பை நாளைய மதிப்போடு இணைக்கிற பெல்மன் சமன்பாடு பாதி எழுதியாகிவிட்டது. மீதியைக் குறியீடுகளாக மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. ஆறு பக்கம் எழுதி வராதது நான்கு வரியில் வந்தது.

அன்றிலிருந்து எந்தக் கணக்கு வந்தாலும், குறியீடு ஒன்றுகூட எழுதுவதற்கு முன், தாளின் தலையில் தமிழில் மூன்று வரி எழுதுவேன். காலையில் கையில் என்ன இருக்கிறது. பகலில் எதைத் தேர்ந்தெடுக்கிறான். அந்தத் தேர்வால் நாளைக் காலையில் கையில் இருப்பது எப்படி மாறும். தேர்வு எழுதும்போதும் எழுதினேன், தாள் திருத்துகிறவர் என்ன நினைத்தாரோ தெரியாது. கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் பாதிக் குழப்பம் இங்கேதான் தீர்கிறது. உதாரணத்துக்கு, நேற்று பிரியாணி சாப்பிட்டவனுக்கு இன்றைய கஞ்சி ருசிக்காது என்று வைக்கிற மாடல்கள் உண்டு, பழக்கம் சார்ந்த நுகர்வு. அதில் நேற்றைய நுகர்வும் காலையில் கையில் இருக்கும் பொருள்தான், ஸ்டேட் இரண்டாகிவிடும். தலைகீழாகவும் நடக்கும். சேமிப்பு, அதன் வட்டி, இன்றைய கூலி என்று மூன்றையும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு அலைவோம். கூலி ஒவ்வொரு நாளும் முந்தைய நாளோடு தொடர்பில்லாமல் வருகிறது என்றால் மூன்றையும் கூட்டி 'கையிருப்பு' என்று ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளலாம். கூலி நேற்றையதைச் சார்ந்தது என்றால் முடியாது, ஏனென்றால் இன்றைய கூலி நாளையதைப் பற்றித் துப்புக் கொடுக்கிறது.

இரண்டாவது உதவி எங்கள் ஊரிலிருந்து வந்தது. டெல்டாவில் வளர்ந்தவன் நான். அறுவடை முடிந்ததும் அப்பாயி முதலில் விதைநெல்லைத் தனியாகக் கட்டி வைத்துவிடும், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். பிராக்கும் மிர்மனும் 1972இல் எழுதிய வளர்ச்சி மாடலின் கையால் போடக்கூடிய பிரபலமான வடிவத்தைப் படித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, இது விதைநெல் கணக்கல்லவா என்று தோன்றியது. விளைச்சலில் ஒரு பங்கைச் சாப்பிடுகிறோம், மீதியை விதைக்கிறோம். விதைத்த நெல் திரும்பக் கிடைக்காது, மண்ணோடு போய்விடும், பாடத்தின் மொழியில் தேய்மானம் 100 சதவீதம். விதையை இரட்டிப்பாக்கினால் அதே நிலத்தில் விளைச்சல் இரட்டிப்பாகாது. மாடலில் விளைச்சல் என்பது விதையின் ஆல்ஃபா அடுக்கு, ஆல்ஃபா ஒன்றுக்குக் கீழே. சாப்பாட்டின் பயன் என்பது சாப்பிட்ட அளவின் லாக்.

இதை நான் முடிவில்லாத காலத்துக்குப் போடாமல் கடைசிப் பருவத்திலிருந்து பின்னோக்கிப் போட்டேன், கால்குலேட்டரை வைத்துக்கொண்டு. புத்தகத்தை மூடிவிட்டு நீங்களும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இந்த ஒரு கணக்கைத்தான். ஆல்ஃபா 0.3, பீட்டா (அடுத்த பருவத்தின் பயனுக்கு இன்று போடும் எடை) 0.9 என்று வையுங்கள். கடைசிப் பருவத்தில் விதை எடுத்து வைக்கிறவன் முட்டாள், அதனால் சேமிப்பு பூஜ்யம். அதற்கு முந்தைய பருவத்தில் டெரிவேட்டிவ் எடுத்தால் விளைச்சலில் 0.213 பங்கு விதைக்கு என்று வரும். அதற்கு முன் 0.255. அதற்கு முன் 0.266. அதற்கும் முன் 0.269. இன்னும் பின்னால் போனால் 0.27ஐ ஒட்டிக்கொண்டு எண் அசையாமல் நின்றுவிடும். ஆல்ஃபாவையும் பீட்டாவையும் பெருக்கிப் பாருங்கள், அதே 0.27. கரும்பலகையில் ஒரு மணி நேரம் நிரூபித்த விடை என் ரஃப் நோட்டில் ஐந்தாவது வரியிலேயே வந்து நின்றது. கடைசி நாள் ரொம்பத் தூரத்தில் இருக்கும்போது அது எங்கே இருக்கிறது என்பதே இன்றைய முடிவுக்கு முக்கியமில்லாமல் போகிறது. முடிவில்லாத காலம் என்றால் இதுதான். சாவில்லாத மனிதன்மேல் எனக்கிருந்த எரிச்சல் அன்றைக்குப் பாதி குறைந்தது.

அப்படியே முன்னோக்கியும் ஓட்டினேன். 0.05 விதையில் தொடங்கினால் அடுத்தடுத்த பருவங்களில் 0.110, 0.139, 0.149, 0.153, கடைசியில் 0.154இல் நிற்கும். அதுதான் ஸ்டெடி ஸ்டேட். முதல் எட்டு பெரிது, பிறகு சின்னச் சின்ன எட்டு. ஃபேஸ் டயகிராமில் அம்புக்குறி போடச் சொல்லும்போது கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று இதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. சேமிப்பு விகிதம் இப்படி மாறாமல் நிற்பது லாக் பயனும் முழுத் தேய்மானமும் சேர்ந்ததால் வந்த அதிர்ஷ்டம். வருமான விளைவும் பதிலீட்டு விளைவும் ஒன்றையொன்று சரியாக ஈடுகட்டிக்கொள்கின்றன. சோலோ 1956இல் சேமிப்பு விகிதத்தை வெளியிலிருந்து கொடுத்தார், இங்கே அது மாடலுக்குள்ளிருந்து வந்து, தற்செயலாக மாறிலியாக அமைகிறது. தேய்மானத்தை 10 சதவீதமாக மாற்றிப் பாருங்கள், அழகான விடை காணாமல் போய்விடும், கம்ப்யூட்டர்தான் கதி.

டிரான்ஸ்வர்சாலிட்டி நிபந்தனையும் இதே வழியில் புரிந்தது. கடைசிப் பருவம் உண்டென்றால் விதையை மிச்சம் வைக்காதே என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கடைசியே இல்லாதபோது, சாப்பிடாமல் சேர்த்துக்கொண்டே போகிற கஞ்சனையும் ஆய்லர் சமன்பாடு அனுமதித்துவிடும், அவனைத் தடுக்கத்தான் அந்த ஒரு வரி. போகிற போக்கில் ஒன்று. இந்த வகைக் கணக்கையெல்லாம் 1928லேயே தொடங்கி வைத்த பிராங்க் ராம்சே, வருங்காலத் தலைமுறையின் நலனுக்குக் குறைந்த எடை போடுவதே அறமல்ல என்று நினைத்தவர். அதாவது பீட்டாவை ஒன்றுக்குக் கீழே வைப்பதே அவருக்கு உடன்பாடில்லை. 1930இல் இறந்தபோது வயது 26. நாங்கள் 'ராம்சே மாடல்' என்று பெயர் வைத்துக்கொண்டு முதல் வரியிலேயே பீட்டா 0.99 என்று எழுதுகிறோம்.

நிரூபணங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ரியல் அனாலிசிஸ் முழுதும் படித்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். எனக்குத் தேவைப்பட்டது மெட்ரிக் ஸ்பேஸ், கன்ட்ராக்‌ஷன் மேப்பிங், டேவிட் பிளாக்வெல்லின் இரண்டு நிபந்தனைகள், மேக்ஸிமம் தேற்றம், அவ்வளவுதான். இந்த நான்கையும் கோடை விடுமுறையில் முன்கூட்டியே முடித்துவிட்டால் செமஸ்டர் நிம்மதி. கன்ட்ராக்‌ஷன் எதற்கு என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பரீட்சைக்கான அலங்காரம் இல்லை, மின்கட்டணம் சம்பந்தப்பட்ட விஷயம். வேல்யூ ஃபங்ஷனை, அதாவது காலையில் கையில் இருப்பதற்கு மொத்தத்தில் என்ன மதிப்பு என்பதை, ஏதோ ஒன்று என்று ஊகித்துத் தொடங்கி, பெல்மன் சமன்பாட்டில் திரும்பத் திரும்பப் போட்டால், ஒவ்வொரு சுற்றிலும் பிழை அதிகபட்சம் முந்தையதில் பீட்டா மடங்குதான் மிஞ்சும் என்பதுதான் அந்தத் தேற்றத்தின் வாக்குறுதி. பீட்டா 0.96 என்றால் பிழை பத்து லட்சத்தில் ஒரு பங்காக வர ஏறக்குறைய 340 சுற்று. 0.99 என்றால் 1,375 சுற்று. மூலதனத்தை ஆயிரம் புள்ளிகளாகப் பிரித்த கிரிட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து லட்சம் ஒப்பீடு. என் பழைய லேப்டாப் பைத்தானில் சாதாரண ஃபார் லூப்போடு ஓடும்போது மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டே வரலாம். அதனால் லூப்பை எடுத்துவிட்டு நம்பையில் (பைத்தானின் எண்கணித நூலகம்) மேட்ரிக்ஸாக எழுதினேன்.

புதிய புரோகிராம் ஒரே நொடியில் முடிந்துவிட்டது. ஒரே சுற்றில். எனக்கு ஒரே பெருமை, வங்காளிப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் பாலிசி ஃபங்ஷனை, அதாவது எந்தக் கையிருப்புக்கு எவ்வளவு விதைப்பான் என்பதை, வரைந்து பார்க்கச் சொன்னான். படத்தில் என் விவசாயி விளைந்ததைவிட அதிகமாக விதைத்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். கிரிட் 0.01 முதல் 1 வரை. விளைச்சலைவிட அதிகமாகச் சேமித்தால் நுகர்வு மைனஸ், மைனஸுக்கு லாக் எடுத்தால் நம்பை 'நேன்' என்று ஒன்றைக் கொடுக்கும், எண்ணே இல்லாத எண். எச்சரிக்கை ஒன்று வரும், நான் அதைப் படிக்கவில்லை. மிகப் பெரிய எண் இருக்கும் இடத்தைத் தேடும் ஆர்க்மேக்ஸ் கட்டளை, வரிசையில் நேன் இருந்தால் அதைத்தான் பெரியது என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் பிழையும் நேன் ஆகிவிடும். நேன் வரம்பைவிடப் பெரியதா என்று வைல் லூப் கேட்டால் இல்லை என்று பதில் வரும், லூப் நின்றுவிடும். முடிந்துவிட்டது என்று நாம் கொண்டாடுவோம். இதற்கு மருந்து எளிது: நுகர்வு பூஜ்யமோ அதற்குக் கீழோ ஆகும் இடத்திலெல்லாம் பயனுக்கு மைனஸ் முடிவிலி போட்டுவிட வேண்டும். அதைவிட முக்கியம், எந்தப் புரோகிராம் எழுதினாலும் முதலில் விதைநெல் கணக்கை அதில் ஓட்டி 0.27 வருகிறதா என்று பார்ப்பது. விடை தெரிந்த கணக்கில் தப்பு செய்கிற புரோகிராம் விடை தெரியாத கணக்கில் சரியாகச் செய்யாது. சார்ஜென்ட்டும் ஸ்டாசுர்ஸ்கியும் நடத்தும் குவாண்ட்எகான் தளத்தில் இந்த மாதிரிப் பாடங்கள் பைத்தான் புரோகிராமோடு இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அங்கிருந்து அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். பார்த்து மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். நேன் வந்தால்தான் புத்தி வரும்.

டைனேர் கதையும் இதே ஜாதி. பாரிஸில் உள்ள செப்ரமாப் ஆய்வு மையம் உருவாக்கிய இலவச மென்பொருள், சமன்பாடுகளை எழுதிக் கொடுத்தால் மாடலைத் தீர்த்துத் தரும். புத்தகத்தில் 'நாளைய மூலதனம் = இன்றைய மூலதனத்தில் தேய்மானம் போக மீதி + முதலீடு' என்று இருந்ததை அப்படியே தட்டினேன். பிளான்சார்ட்–கான் நிபந்தனைகள் நிறைவேறவில்லை, தீர்வு ஒன்றாக நிற்கவில்லை என்று சிவப்பில் வந்தது. இரண்டு நாள் அளவுருக்களை மாற்றி மாற்றிப் போட்டேன், சாமியைக் கும்பிட்டேன், மென்பொருளைத் திரும்ப நிறுவினேன். பிரச்சினை வேறு இடத்தில். டைனேரில் ஒரு மாறியின் தேதி என்பது அது முடிவு செய்யப்படும் தேதி. இன்று உற்பத்தியில் ஓடும் மூலதனம் நேற்று முடிவானது, அதனால் மூலதனத்தை வெறும் கே என்று எழுதக் கூடாது, கே அடைப்புக்குறி மைனஸ் ஒன்று என்று எழுத வேண்டும். நான் எழுதிய விதத்தில், மூலதனம் இன்றைக்கே நினைத்த இடத்துக்குத் தாவலாம் என்று அது புரிந்துகொண்டது. தாவக்கூடியவை நுகர்வும் மூலதனமுமாக இரண்டு, வெடித்து ஓடும் ஐகன் மதிப்போ ஒன்றுதான், ஒரே தீர்வு வர இரண்டும் சமமாக இருக்க வேண்டும், எண்ணிக்கை பொருந்தவில்லை. மறுபடியும் அதே அக்காவின் கேள்விதான்: காலையில் கையில் இருப்பது எது? அதை நான் தாளில் கேட்டேன், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் மறந்துவிட்டேன்.

மூன்றாவது தப்பு கொஞ்சம் நாசூக்கானது, டேர்ம் பேப்பரில். பீட்டா 0.99, ஆல்ஃபா 0.33, தேய்மானம் 0.1. முதலீடு உற்பத்தியில் 30 சதவீதம் வந்தது. இந்தியாவில் ஏறக்குறைய 30தானே, பிரமாதம் என்று நினைத்தேன். மூலதனம் உற்பத்தியைப் போல 3 மடங்கு வந்தது, அதுவும் கேள்விப்பட்ட எண்தான். பேராசிரியர் அந்த 3ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, 'எந்த அலகில்?' என்று மட்டும் எழுதியிருந்தார். 0.99 காலாண்டுக்கான பீட்டா. 0.1 ஆண்டுக்கான தேய்மானம். அப்படியென்றால் என் 3 என்பது மூன்று காலாண்டு உற்பத்தி, முக்கால் வருஷம், ஒரு நாட்டின் மூலதனம் அவ்வளவுதானா? தேய்மானத்தைக் காலாண்டுக்கு 0.025 என்று திருத்தினால் 9.4 காலாண்டு, அதாவது 2.35 வருஷம், முதலீடு 23.5 சதவீதம். தப்பான வழியில் போய்ச் சரியான எண் கிடைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு அளவுருவுக்குப் பக்கத்திலும் 'ஆ' அல்லது 'கா' என்று எழுதி வைக்கிறேன்.

ஆல்ஃபாவுக்கு, அதாவது வருமானத்தில் மூலதனத்தின் பங்குக்கு, போட்ட அந்த 0.33 மீதும் எனக்கு வருத்தம் உண்டு. அமெரிக்கப் புத்தகத்திலிருந்து எடுத்து எல்லோரும் அப்படியே ஒட்டுகிறோம். சொந்த நிலத்தில் உழுகிறவர், சொந்தத்தில் டீக்கடை வைத்திருக்கிறவர் வருமானத்தில் எவ்வளவு கூலி, எவ்வளவு மூலதனத்தின் பங்கு என்று எப்படிப் பிரிப்பது? தேசியக் கணக்கில் அதைக் கலப்பு வருமானம் என்றுதான் போடுகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் நிறைந்த நாட்டுக்கு 0.33 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது எனக்கு உறுத்தும். உறுத்திக்கொண்டே எழுதினேன், பேப்பர் சமர்ப்பிக்க வேண்டுமே.

எண்ட்-செமஸ்டரில் 40க்கு 29. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது என்ன படிக்கிறாய் என்று அப்பா கேட்டார். வழக்கமாக 'எகனாமிக்ஸ்பா' என்பதோடு முடித்துவிடுவேன். இந்தமுறை விதைநெல் கணக்கைச் சொன்னேன். விளைச்சலில் 27 சதவீதத்தை விதைக்கு எடுத்து வைப்பதுதான் உத்தமம் என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

"நூத்துக்கு இருபத்தேழா? ஏக்கருக்கு முப்பது கிலோ விதை போட்டா ரெண்டு டன் எடுக்கலாம். நூத்துக்கு ரெண்டுகூட வராதுடா."

30ஐ 2,000ஆல் வகுத்தால் 0.015. பீட்டாவை 0.9 என்றே வைத்தால் ஆல்ஃபா 0.0167. அப்பா தனக்குத் தெரியாமலே மாடலை நிஜ எண்ணுக்குப் பொருத்தி கேலிபரேட் செய்துவிட்டார். திண்ணையிலேயே லேப்டாப்பைத் திறந்து அந்த எண்ணைப் போட்டு ஓட்டினேன். எந்த விதையில் தொடங்கினாலும் அடுத்த பருவத்திலேயே ஸ்டெடி ஸ்டேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது, கோடு படுக்கையாக ஓடியது. அப்பாவிடம் திருப்பிக் காட்டினேன்.

"ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி வெளையுதே. மேட்டூர்ல தண்ணி தொறக்கலன்னா?"

"தண்ணிய இன்னும் சேர்க்கலப்பா. அது அடுத்த பாடம்."

"சேர்க்கும்போது பார்த்துச் சேரு. தண்ணி வந்தப்புறம் நாத்து விடுறதா, வரும்னு நம்பி விடுறதா? ரெண்டும் ஒண்ணு இல்ல."